கால்ஷீட்டை மாலை ஏழு மணிக்குள் சொல்லுங்கள்

சின்னத்திரைத் தயாரிப்பாளர்களுக்கும், சேனல்களில் தொடர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சென்னையில் எடுக்கப்படும் ஒரு மெகா தொடரில் நான் உதவி இயக்குநர். தொடரின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் ஒரு யூனிட்டைப் பற்றிய புகாராக இது சுருங்கிவிடும். நான் பேசிப் பார்த்த மற்ற யூனிட் ஏ.டி.க்களும், அதாவது உதவி இயக்குநர்களும், இதையேதான் சொல்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. நாளைய கால்ஷீட்டை இன்று மாலை ஏழு மணிக்குள் உறுதி செய்யுங்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், எங்கே வர வேண்டும், எத்தனை மணிக்கு பேக்கப், அதாவது அன்றைய ஷூட்டிங் முடியும். இந்த மூன்றும் ஏழு மணிக்குத் தெரிந்துவிட வேண்டும். சம்பளம், சாப்பாடு, உட்கார நாற்காலி இதைப் பற்றியெல்லாம் பேச நிறைய இருக்கிறது. ஆனால் என் வீட்டை உலுக்குவது இந்த ஒன்றுதான். அதனால் இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வயது 37. ஒன்பது வருஷம் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருந்தேன். இந்த வேலைக்கு வந்து இரண்டு வருஷம் நான்கு மாதம் ஆகிறது. குன்றத்தூரில் வீடு. நான்காம் வகுப்பு படிக்கிற மகள், முட்டிவலியும் சர்க்கரையும் உள்ள மாமியார், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் கணவர். பள்ளி வேலையை விட்டதும் மகளுக்கு அங்கே கிடைத்த கட்டணச் சலுகை போயிற்று. அவளை அரசுப் பள்ளியில் சேர்த்தோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நல்ல டீச்சர் அமைந்திருக்கிறார். அப்புறம், காலை உணவுத் திட்டம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அதை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தினார்கள். ஐந்தரை மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் என்னைப் போன்ற அம்மாவுக்கு, எட்டரை மணிக்குள் பிள்ளையின் வயிற்றில் ரவா உப்புமாவோ பொங்கலோ போயிருக்கும் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. அந்தத் திட்டம் இல்லையென்றால் இந்த வேலையை நான் ஆறு மாதம்கூடத் தாங்கியிருக்க மாட்டேன்.

ஏன் வந்தேன் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். பிடித்து வந்தேன். அதையும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேலை கஷ்டமாக இருக்கிறது என்று புலம்புகிறவளின் கடிதமாக நீங்கள் இதைப் படிக்கக் கூடாது. ப்ராம்ப்டிங் எப்படி நடக்கிறது என்று உங்களில் பலர் மானிட்டரில்தான் பார்த்திருப்பீர்கள். கேமராவுக்குப் பக்கத்தில், ஆர்ட்டிஸ்ட்டின் பார்வையில் படாமல் நின்றுகொண்டு, சீன் பேப்பரைப் பார்த்து வசனத்தை ஒவ்வொரு துண்டாகச் சொல்லுவேன். எங்கள் தொடரில் நாயகிக்குத் தமிழ் தாய்மொழி இல்லை. “இந்த வீட்டுல எனக்கு இருக்கற உரிமை என்னன்னு இன்னிக்கு நீங்க சொல்லியே ஆகணும்” என்று முழு வாக்கியமாகச் சொன்னால் அவருக்கு மூச்சு முட்டும். நான் மூன்றாகப் பிரிப்பேன். “இந்த வீட்டுல” என்று நிறுத்துவேன். அவர் கண்ணைத் திருப்ப இடம் கொடுத்து, “எனக்கு இருக்கற உரிமை என்னன்னு.” அப்புறம் ஒரு மூச்சு விட்டு மிச்சம். எங்கே பிரித்தால் உதடும் கெடாது, டப்பிங் பேசுகிற அம்மாவுக்கும் சிக்கல் வராது என்பது எனக்கு இப்போது கைவந்திருக்கிறது. ஒன்பது வருஷம் பிள்ளைகளுக்குச் செய்யுளைச் சீர் பிரித்துச் சொல்லிக் கொடுத்த பழக்கம்தான் இது. ஒரு ஷாட் நன்றாக வந்து, இயக்குநர் “ஓகே, அடுத்தது” என்று சொல்லும்போது, அந்த வசனத்தில் என் மூச்சும் கொஞ்சம் இருக்கிறது என்று தோன்றும். இதற்காகத்தான் வந்தேன். இந்த வேலையிலேயே இருந்து ஒரு நாள் நானே ஒரு தொடரை இயக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, கால்ஷீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் யூனிட்டில் மறுநாள் கால் நேரத்தை, அதாவது எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை, எல்லோருக்கும் அனுப்புவது என் வேலை. லைட்மேன்கள், மேக்கப், காஸ்ட்யூம், ஆர்ட் அசிஸ்டென்ட், புரொடக்‌ஷன் பாய்கள், ஆர்ட்டிஸ்ட்கள், யூனிட் வண்டி ஓட்டுநர்கள் என்று நாற்பது பேருக்கு மேல். இயக்குநரும் புரொடக்‌ஷன் மேனேஜரும் சொன்ன பிறகுதான் அனுப்ப முடியும். அவர்கள் சொல்வது இரவு பத்தரைக்கு, பதினொன்றுக்கு. ஒரு நாள் பன்னிரண்டேகாலுக்கு. “நாளை காலை 7 ஷார்ப். லொகேஷன் பிறகு” என்று குழுவில் போட்டுவிட்டு போனைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே நிமிஷத்தில் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டதாகக் காட்டும். இருபது, முப்பது, முப்பத்தைந்து. நள்ளிரவில் இத்தனை பேரும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு விழித்திருக்கிறார்கள். காஸ்ட்யூமில் இருக்கும் அக்காவுக்குப் பேரக்குழந்தை இருக்கிறது. அவர் உடனே எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புவார்: “ஏழா, ஏழரையா கண்ணு?” அந்த அரை மணியில் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட முடியுமா, மகள் வேலைக்குக் கிளம்பும்வரை காத்திருக்க முடியுமா என்று அவர் கணக்குப் போடுகிறார். எனக்கே தெரியாததை நான் அவருக்கு எப்படிச் சொல்வது?

என் கணவரின் ஷிப்ட் விவரத்தை மாதத்தின் முதல் தேதியே போர்டில் ஒட்டிவிடுவார்கள். எந்த வாரம் பகல், எந்த வாரம் இரவு என்று முப்பது நாளுக்கும் தெரியும். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து என் போனில் வைத்திருக்கிறேன். அவருடைய இரவு ஷிப்ட் வாரத்தில் எனக்குக் காலை ஆறு மணிக் கால் வந்தால் மகளைக் கிளப்ப ஆள் இல்லை. இது முந்தின நாள் மாலையே தெரிந்தால் பூந்தமல்லியில் இருக்கும் என் சித்தி கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பி வந்துவிடுவார். மகளிருக்குக் கட்டணமில்லாத பஸ் என்பதால் செலவும் இல்லை. இரவு பதினொரு மணிக்குத் தெரிந்தால் யாரைக் கூப்பிடுவது? அறுபது வயது மனுஷியை ஆட்டோவில் ஏற்றி அழைக்க முடியுமா?

போன ஆடி மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அன்று திடீரென்று காலை ஆறு மணிக் கால். நாயகி கோவிலுக்குப் போகிற காட்சி, காலை வெளிச்சம் வேண்டும். முந்தின நாள் அதே காட்சியின் முதல் பாதியை எடுத்திருந்தோம். முந்தின ஷாட்டில் எது எப்படி இருந்தது என்று எழுதி வைக்கும் கன்டினியூட்டி நோட்டைத் திறந்து, நாயகியின் தலைப் பக்கத்தில் நின்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சடையில் மல்லிகை வலது தோள் வழியாக முன்னால் விழுந்திருக்க வேண்டும். சரம் நான்கு விரற்கடை. குங்குமம் நெற்றியில் கொஞ்சம் கலைந்திருக்கும். அப்போது வீட்டிலிருந்து போன். மகள். “அம்மா, ரெட்டைச் சடை வரல. ஒத்தச் சடை போட்டுட்டுப் போகட்டா?” பாட்டியால் நின்று பின்னிவிட முடியவில்லை, முட்டி வீங்கியிருந்தது. கணவர் இரவு ஷிப்டிலிருந்து இன்னும் வரவில்லை. போட்டுக்கோம்மா என்றேன். அன்று மாலை அவள் டீச்சர் ஒன்றும் திட்டவில்லையாம், தோழி ஒருத்தி இன்டர்வலில் அவிழ்த்துப் பின்னிவிட்டாளாம். அவ்வளவுதான் விஷயம், பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வேறொரு பெண்ணின் சடையில் பூ எந்தப் பக்கம் விழுந்தது என்று இவ்வளவு சரியாக எழுதி வைத்திருக்கிற எனக்கு, என் மகளின் காலை எப்படி இருக்கும் என்று முந்தின நாள் இரவு தெரியாது. மல்லிகைச் சரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது என் கை நடுங்கியது. மேக்கப் அண்ணன் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சரத்தை வாங்கி அவரே வைத்துவிட்டார்.

அன்று காலை வெளிச்சம் தேவைதான். அதில் தவறே இல்லை. ஆறு மணிக்கு வரச் சொன்னதற்காக நான் இதை எழுதவில்லை. அந்தக் கோவில் காட்சி மூன்று நாளாகவே ஆர்டரில், அதாவது எடுக்க வேண்டிய சீன்களின் வரிசையில், இருந்தது. முந்தின நாள் மாலை நான்கு மணிக்கே இதைச் சொல்லியிருக்கலாம்.

ஏன் சொல்ல முடியவில்லை என்பதை இரண்டு வருஷமாகப் பார்த்துவருகிறேன். என் பார்வையில் பட்டதை எழுதுகிறேன், தவறு இருந்தால் நீங்கள் திருத்தலாம்.

அரை மணி நேர ஸ்லாட்டுக்கு விளம்பரம் போக 22 நிமிஷம் ஃபுட்டேஜ் வேண்டும். வாரத்துக்கு ஆறு எபிசோட் என்றால் 132 நிமிஷம். ஒரு முழுநீளப் படத்தின் அளவை நாம் வாரா வாரம் எடுத்து, எடிட் செய்து, டப்பிங் முடித்து, ஆர்.ஆர். (பின்னணி இசை) போட்டு, மிக்சிங் முடித்துக் கொடுக்கிறோம். தூர்தர்ஷனின் பதின்மூன்று வாரத் தொடர்களில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் யூனிட்டில் அப்பா வேஷம் போடுகிறார். அந்தக் காலத்தில் வாரத்துக்கு ஒரு எபிசோட், கதை முழுவதும் கையில் இருக்கும் என்று அவர் சொல்லும்போது எங்களுக்கெல்லாம் வேறு ஏதோ தொழிலைப் பற்றிக் கேட்பதுபோல் இருக்கும். அந்தக் காலம் திரும்பாது, தெரியும். தினசரித் தொடரில்தான் இத்தனை ஆயிரம் குடும்பங்கள் சாப்பிடுகின்றன, என் குடும்பமும் சேர்த்து.

தினசரி வேகத்தைத் தாங்குவதற்குத்தான் பேங்க் வைத்திருக்கிறோம். பத்துப் பன்னிரண்டு எபிசோட் கையிருப்பு இருந்தால் யூனிட் அமைதியாக இருக்கும். நான் சேர்ந்த புதிதில் எங்களிடம் ஒன்பது இருந்தது. இப்போது இரண்டு. சில நாள் இன்று எடுப்பது நாளை இரவு போகிறது. பேங்க் கரைவது எங்கள் சோம்பலால் இல்லை. வியாழக்கிழமை ரேட்டிங் வருகிறது. எண் இறங்கினால் அன்று மாலையே சேனலிலிருந்து பேச்சு வரும். இந்த டிராக்கை (கதைப்போக்கை) நிறுத்து, வில்லியை வீட்டுக்குள் கொண்டுவா, நிச்சயதார்த்தத்தை முன்னால் இழு. அது வரைக்கும் எடுத்து வைத்திருந்த மூன்று எபிசோட் பெட்டியில் போய்விடும். கதை எழுதுபவர் வெள்ளி, சனி முழுக்க மாற்றி எழுதுவார். வசனம் எழுதுபவருக்கு அவரிடமிருந்து வர வேண்டும். திங்கள் காலை நாங்கள் செட்டில் நிற்கும்போது சீன் பேப்பர் வாட்ஸப்பில் ஒவ்வொரு சீனாக வந்து விழும். இரண்டாவது சீனில் யார் யார் என்று தெரியாமல் முதல் சீனுக்கு லைட் வைத்துக்கொண்டிருப்போம். இரண்டு தொடரில் நடிக்கிற ஆர்ட்டிஸ்ட்டிடம் கடைசி நேரத்தில் டேட் கேட்போம். அவர் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் வர முடியும் என்பார். அன்றைக்கு பேக்கப் பதினொன்று. அன்று ராத்திரி மறுநாள் ஆர்டரைப் பற்றி யோசிக்க யாருக்கும் தெம்பு இருக்காது. கால் பன்னிரண்டேகாலுக்கு வந்தது அப்படி ஒரு நாளில்தான்.

இதில் இரண்டு தொடர்களை இணைத்து எடுக்கும் மகா சங்கமம், ஞாயிறு சிறப்பு எபிசோட் என்று வந்துவிட்டால் நிலைமை இன்னும் இறுகும். அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம், இங்கே வேண்டாம்.

ஆகவே சேனலில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ரேட்டிங் பார்த்துக் கதையை மாற்றும் உரிமை உங்களுடையது. பணம் போடுகிறவர்களும் பார்க்கிறவர்களுக்குப் பதில் சொல்கிறவர்களும் நீங்கள்தான். ஆனால் வியாழக்கிழமை எடுக்கிற முடிவு, அதற்கடுத்த மூன்று ஷூட்டிங் நாளைத் தொடாமல் இருக்கட்டும். நான்காவது நாளிலிருந்து புது டிராக்குக்குப் போகலாம். அந்த மூன்று நாளில் எழுத்தாளர்களும் மூச்சு விடுவார்கள், எழுதுவதும் நன்றாக இருக்கும். அவசரத்தில் எழுதிய சீனை ப்ராம்ப்ட் செய்கிறவள் நான், அதனால் தெரியும். முந்தின சீனில் “நேத்து” என்று சொன்னது இந்த சீனில் “போன வாரம்” ஆகியிருக்கும். பார்க்கிறவர்கள் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். என் மாமியாரே கண்டுபிடிக்கிறார்.

தயாரிப்பாளர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. கதை இப்படி மாறிக்கொண்டே இருக்கும்போதுகூட மாலை ஏழு மணிக்குள் கால் சொல்ல முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் இயக்குநருக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது ஆறு நாளைக்கு ஒரு ஷெட்யூல் டைரக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டார். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டதும் எல்லோரும் இலையில் உட்கார, அவர் என்னையும் மேனேஜரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஒரு வெள்ளைத் தாள். கையில் இருந்த சீன்கள், வரப்போகிற சீன்களின் ஒரு வரிச் சுருக்கம், யாருடைய டேட் எத்தனை மணிவரை, எந்த சீன் ஹால், எந்த சீன் சமையலறை. அரை மணி நேரம். சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் எழுதினார். ஹால் சீன்கள் எல்லாம் ஒன்றாக வந்தன, லைட் ஒரே தடவை வைத்தால் போதும். வயதான ஆர்ட்டிஸ்ட்களின் சீன்கள் முதலில் வந்தன. மாலை ஆறரைக்கு மறுநாள் கால் என் கையில் இருந்தது. “போட்டுடும்மா” என்றார். குழுவில் போட்டேன். உடனே காஸ்ட்யூம் அக்கா எனக்குக் கும்பிடு அனுப்பினார்.

அந்த ஆறு நாளில் ஒரு நாள்கூட பேக்கப் இரவு எட்டரை தாண்டவில்லை. ஃபுட்டேஜ் குறையவும் இல்லை. எழுதி வைப்பது என் வேலை, நோட்டு என்னிடம் இருக்கிறது. ஒரு நாள் 24 நிமிஷம்கூட எடுத்தோம். இவர் எந்த மந்திரமும் செய்யவில்லை. மதியம் அரை மணி நேரத்தை மறுநாளுக்கு ஒதுக்கினார், அவ்வளவுதான். அவர் போன பிறகு நாங்கள் பழையபடி ஆகிவிட்டோம். அந்த அரை மணி நேரத்தில் ஒரு க்ளோஸப் ஷாட் அதிகமாக எடுக்கலாமே என்று யாருக்காவது தோன்றிவிடுகிறது.

செலவுக் கணக்கையும் நீங்கள் பார்க்க வேண்டும். நேரம் தாண்டினால் லைட்மேன்களுக்குக் கூடுதல் பேட்டா, ஷூட்டிங் வீட்டுக்குக் கூடுதல் வாடகை, ஜெனரேட்டருக்கு டீசல், இரவுச் சாப்பாடு. லைட்மேன்களுக்குச் சங்கம் இருக்கிறது, திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெஃப்சி இருக்கிறது, மணி பார்த்துக் கேட்கிறார்கள். கேட்பது நியாயமும்கூட. எங்கள் யூனிட்டில் ஏ.டி.க்களுக்கு மணிக் கணக்கு கிடையாது. ஒரு நாள் சம்பளம் என்றால் அந்த நாள் எட்டு மணி நேரமா, பதினாறு மணி நேரமா என்று எங்கும் எழுதவில்லை. எழுதுவதற்குத் தாளே இல்லை. இத்தனை நாளில் நான் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை.

இது எனக்கு நேர்ந்த தனிக் கதை இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். சினிமாத் தொழிலாளர்களுக்காக 1981இல் வந்த மத்தியச் சட்டம், எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் அது கதைப் படங்களுக்கானது. தொலைக்காட்சித் தொடர் அப்போது யார் மனதிலும் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியே ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. தனியார் சேனலே கிடையாது. சன் டிவி வந்தது 1993இல். இப்போது 2020இன் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் ஒலி-ஒளித் தயாரிப்பு என்ற சொல்லுக்குள் தொலைக்காட்சித் தொடர், ரியாலிட்டி ஷோ, வெப் தொடர் எல்லாமே வருகின்றன. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. பெண்களை மாலை ஏழு மணிக்கு மேலும் காலை ஆறு மணிக்கு முன்னும் வேலை செய்யவைக்க அவர்களுடைய சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்கிறது.

இந்தச் சட்டத் தொகுப்பைப் பற்றித் தொழிற்சங்கங்களுக்கு வேறு பல மனக்குறைகள் இருக்கின்றன. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. சம்மதம் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். எத்தனை மணிவரை என்று தெரியாத ஒன்றுக்கு நான் எப்படிச் சம்மதம் சொல்வது? பத்து மணிவரை என்று சொன்னால் நான் யோசிப்பேன். பல நாள் சரி என்றுதான் சொல்வேன். நாயகி அழுகிற சீனைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக எந்த ஏ.டி.க்கும் மனசு வராது. எனக்கும் வராது. கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்கிறேன். நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

இரவு பதினொரு மணிக்கு வளசரவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பினால் போரூர் தாண்டி குன்றத்தூர் ரோட்டைப் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சாலையில் பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியாது. பக்கத்தில் டிப்பர் லாரி. தூக்கம் கண்ணைச் சொருகும்போது சத்தமாக மறுநாள் சீனின் வசனத்தைச் சொல்லிக்கொண்டே ஓட்டுவேன். ஆர்ட்டிஸ்ட்களுக்குக் கார் போகிறது, அது தேவைதான். யூனிட் வண்டி வடபழனிப் பக்கம் போகிறது. ஒன்பதரைக்கு மேல் பேக்கப் ஆகிற நாளில் எங்களைப் போல் எதிர்ப்பக்கம் போகிற மூன்று நான்கு பேருக்கு ஒரு வண்டி ஏற்பாடு செய்வது உங்கள் பட்ஜெட்டில் பெரிய தொகை இல்லை. பெண்களுக்கு மட்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. எங்களோடு இருக்கும் கேமரா அசிஸ்டென்ட் தம்பிக்கு 23 வயது. திருநின்றவூர்வரை பைக்கில் போகிறான். அவனுக்கும் வீட்டில் ஒரு அம்மா விழித்திருப்பார்.

முடியாது என்று சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2020இல் நான் பள்ளியில் இருந்தேன், அந்த நாட்களைப் பற்றி மூத்தவர்கள் சொல்லித்தான் தெரியும். மார்ச் மாதம் ஷூட்டிங் நின்றது. பேங்க் தீர்ந்து, சேனல்கள் பழைய தொடர்களை மறுபடி ஓட்டின. மே மாதக் கடைசியில் அனுமதி கொடுத்தபோது முதலில் 20 பேர் என்றார்கள், பிறகு 60 பேர் என்றார்கள். அதுவரை ஒரு கல்யாண சீனுக்கு நூறு பேர் நின்ற இடத்தில் அறுபது பேரை வைத்து இதே யூனிட்டுகள் எடுத்தன. யார் எந்த நேரத்துக்கு வர வேண்டும், யாருடைய வேலை முடிந்ததும் யார் கிளம்ப வேண்டும் என்று முந்தின நாளே பட்டியல் போட்டார்களாம். அப்போது அரசு சொன்னதால் செய்தோம். இப்போது நாற்பது வீடுகள் கேட்பதால் செய்யலாம்.

வேலையை விட்டுப் போனவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்னோடு சேர்ந்த இன்னொரு பெண் ஏ.டி. என்னைவிடக் கெட்டிக்காரி. ஸ்க்ரிப்டைப் படித்துவிட்டு, “இந்த சீனை மாமியார் பார்வையிலிருந்து ஆரம்பிச்சா என்ன சார்?” என்று இயக்குநரிடமே கேட்பாள். அவர் இரண்டு தடவை அப்படியே எடுத்தார். கைக்குழந்தையோடு வந்தாள். பதினோராவது மாதம் நின்றுவிட்டாள். இப்போது ஒரு ஜவுளிக் கடையில் பில்லிங்கில் இருக்கிறாள். சம்பளம் இதைவிடக் குறைவு. “எட்டு மணிக்குக் கடை மூடிடும்க்கா, அது தெரியும்ல” என்று போனில் சொன்னாள். நாம் எடுப்பது முக்கால்வாசி பெண்களைப் பற்றிய கதை, பார்ப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். அந்தக் கதையை உள்ளே இருந்து சொல்லக்கூடிய ஒருத்தி, நேரம் தெரியாத ஒரே காரணத்துக்காக வெளியே போய்விட்டாள். அவளை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு ஷெட்யூலுக்கு மட்டும் செய்து பாருங்கள். பன்னிரண்டு நாள். மதியம் அரை மணி நேரம் மறுநாளுக்கு. சீன் பேப்பர் முழுதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வரிச் சுருக்கமும் ஆர்ட்டிஸ்ட் பட்டியலும் நான்கு மணிக்குள் ஏ.டி.யின் கைக்கு வரட்டும். ஆர்டர் போடுவது, டேட் சரிபார்ப்பது, ஆர்ட் டிபார்ட்மென்ட்டுக்கு பிராப்பர்ட்டி சொல்வது, எல்லோருக்கும் கால் அனுப்புவது எல்லாம் எங்கள் பொறுப்பு. தினமும் எத்தனை மணிக்கு முதல் ஷாட், எத்தனை நிமிஷம் ஃபுட்டேஜ், எத்தனை மணிக்கு பேக்கப் என்று தேதி போட்டு எழுதி, பன்னிரண்டாம் நாள் உங்கள் மேஜையில் வைக்கிறோம். அதற்கு முந்தின ஷெட்யூலின் கணக்கையும் பக்கத்தில் வைக்கிறோம். இரண்டையும் நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சின்னத்திரை உதவி இயக்குநர் ஒருவர்,
குன்றத்தூர்